கோழி மேய்த்தாலும்...

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. இதைக் கேளாமல் வளர்ந்தவர் அங்கே எவரும் இரார். பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்து தாய் சொல்லுவாள், மாமன் சொல்லுவான், பெண் கொடுக்க வருகின்ற வீட்டாரும் சொல்லாமற் சொல்லுவார்கள். பழமொழிகள் பெரும்பாலும் யாரால், எப்போது சொல்லப்பட்டன என்று தெரியாதவை. இந்தப் பழமொழிக்கோ பிறந்த காலம் உண்டு. 'கோறணமேந்து' என்ற சொல்லே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆங்கிலேயர் ஆட்சியில், கச்சேரி வாசலில், கையில் விண்ணப்பக் கடிதத்தோடு காத்துநின்ற ஒரு சமுதாயம் பெற்றெடுத்த வாக்கியம் இது.

புங்குடுதீவின் மடத்துவெளியில் இன்று நடந்து செல்பவர்களின் கண்ணில் முதலிற் படுவன பூட்டிய வீடுகள். பனைகள் நிற்கின்றன, முருகன் கோயில் மணி ஒலிக்கிறது, வீட்டுக்காரர் கடல் கடந்து வாழ்கிறார்கள். இந்தப் பூட்டுகளிற் பலவற்றைப் போட்டது போர். ஆயினும் போருக்கு முன்பும் இந்த ஊர் தன் பிள்ளைகளை வெளியே அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. கற்றவன் கற்ற இடத்தில் வாழ முடியாமற் போனது ஏன்? கல்விக்கூடத்தை விட்டுத் தொழில் உலகுக்குப் போகிறவன் எந்த வாசலை, எவ்வாறு தட்டினான்? தட்டியபோது அவன் கையில் இருந்தது என்ன? விண்ணப்பம் எழுதுவது எப்படி என்ற கேள்வி இன்றைய பட்டதாரியின் தனிக் கவலையாகத் தோன்றலாம். ஆனால் அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் உண்டு. அந்தச் சரித்திரத்தை அறிந்தவன் தன் கடிதத்தைச் சற்று வேறுவிதமாக எழுதுவான்.

ஆற்றுப்படை

கற்றவன் வேலை தேடுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் இருக்கின்றன. பரிசு பெற்றுத் திரும்பும் பாணனோ பொருநனோ கூத்தனோ, வறுமையோடு எதிரே வரும் இன்னொரு கலைஞனுக்கு வழி சொல்லுகிறான். எந்த வழியாகப் போவது, வழியில் எவர் சோறிடுவார், வள்ளலின் இயல்பு எப்படிப்பட்டது, அங்கே என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் ஒளிக்காமல் எடுத்துரைக்கிறான். தான் பெற்றதை மறைத்து வைக்காமல், போட்டியாளனாக வரக்கூடியவனுக்கே வாசலைக் காட்டிவிடுகிற இந்தப் பண்பு நமது இலக்கியத்தில் ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது.

பிற்காலத்தில் ஆற்றுப்படையின் இடத்திற்குச் சீட்டுக்கவி வந்தது. புலவன் தன் தேவையையும் தன் தகுதியையும் பாட்டில் வைத்துப் பிரபுவுக்கு அனுப்புவான். கெஞ்சுகிற தொனியில் எழுதப்பட்ட சீட்டுக்கவிகளும் உண்டு. நிமிர்ந்து நின்று கேட்பவையும் உண்டு. ஆயினும் அடிப்படை ஒன்றே. கொடுப்பவன் ஒருவன், கேட்பவன் ஒருவன். கொடுப்பவனின் மனநிலையை நம்பித்தான் கற்றவனின் அடுப்பு எரிந்தது.

வட்டுக்கோட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த உறவின் உருவம் மாறியது. அமெரிக்க மிஷனரிகள் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். 1823இல் டானியல் பூவர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கிற்று. கணிதமும் வானசாத்திரமும் ஆங்கிலமும் தமிழும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், அதன் தரத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார்.

மிஷனரிகள் விரும்பியது போதகர்களை. கிடைத்தவர்களோ பெரும்பாலும் எழுதுவினைஞர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், நில அளவையாளர்கள், ஆசிரியர்கள். படித்து முடித்த இளைஞன் வேதத்தை எடுத்துக்கொண்டு கிராமத்துக்குப் போகவில்லை. ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனான். அமெரிக்காவிலிருந்து வந்த தூதுக்குழு ஒன்று இதை ஆராய்ந்தது. 1855இல் செமினரி மூடப்பட்டது. படித்தவர்கள் வேலைக்குப் போகிறார்கள் என்பதே ஒரு கல்விக்கூடத்தை மூடுவதற்குக் காரணமாயிற்று! பட்டதாரிகளுக்கு வேலை கிடைக்கவில்லை என்று வருந்துகிற நம் காலத்தில் இதை வாசித்தால் சிரிப்பு வரும். சிரித்துவிட்டுச் சிந்திக்கவும் வேண்டும். கல்வி கொடுத்தவனின் நோக்கம் ஒன்றாகவும் கற்றவனின் தேவை வேறாகவும் இருந்தன. ஊரின் தேவை என்ன என்று இருவரும் கேட்கவில்லை.

மூன்று வழிகள்

அக்காலத்திலேயே கல்விக்கூடத்தை விட்டு வெளியேற மூன்று வழிகள் தோன்றிவிட்டன. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது.

முதல் வழி சி. வை. தாமோதரம்பிள்ளையினுடையது. 1832இல் சிறுப்பிட்டியிற் பிறந்த அவர் வட்டுக்கோட்டையிற் பயின்று, கோப்பாயில் ஆசிரியரானார். பின்னர் சென்னை சென்று 'தினவர்த்தமானி'ப் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவர் அவர். மற்றவர் அவருடைய ஆசிரியராகிய கறல் விசுவநாதபிள்ளை. கள்ளிக்கோட்டையிற் கற்பித்தபின் அரசாங்கக் கணக்கு நிலையத்திற் பதவி பெற்றார். 1871இல் சட்டப் பட்டம் பெற்றார்; பின்னாளில் கும்பகோணத்தில் வழக்கறிஞரானார்; புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார்.

இந்த வாழ்க்கையில் ஒரு முறைமை தெரிகிறது. ஒவ்வொரு படியும் முந்திய படியில் ஊன்றி வைக்கப்பட்டது. மொழியறிவு பத்திரிகைக்குப் பயன்பட்டது; ஒழுங்காக எழுதவும் சரிபார்க்கவும் பழகிய கை கணக்கு நிலையத்துக்குப் பயன்பட்டது; கணக்கு நிலையத்தில் இருந்த நாள்களிலேயே அடுத்த வாசலுக்குரிய சட்டப் படிப்பு நடந்தது. எனினும் அவர் தமிழை விட்டுவிடவில்லை. உத்தியோக காலத்திலேயே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். வீரசோழியமும் கலித்தொகையும் பின்னர் வந்தன. கல்விக்கூடத்தை விட்டால் அறிவை விட்டுவிடவேண்டும் என்று அஞ்சுகிறவர்களுக்கு அவருடைய வாழ்வே மறுமொழி.

இரண்டாம் வழி ஆறுமுக நாவலருடையது. யாழ்ப்பாணத்து வெஸ்லியன் பாடசாலையிற் கற்றுப் பின் அங்கேயே ஆசிரியராகி, பெர்சிவல் பாதிரியாரின் விவிலியத் தமிழாக்கத்துக்கும் துணைநின்றவர் அவர். 1848இல் அந்தப் பதவியைத் துறந்து வண்ணார்பண்ணையிற் சைவப் பாடசாலை தொடங்கினார். 1849இல் தமிழ்நாடு சென்று அச்சுயந்திரம் கொண்டுவந்தார். பாடசாலை இருந்தது, பாடநூல் இல்லை. அந்த இல்லாமையை அவர் கண்டார். பாலபாடங்கள் அச்சாயின. அவருடைய சமயக் கொள்கையை ஏற்றாலும் ஏலாவிட்டாலும், ஆசிரியர் ஒருவர் எவரிடமும் விண்ணப்பம் போடாமல் அச்சுத் தொழிலின் அதிபரானார் என்ற உண்மை மறையாது. மிஷன் பாடசாலையிற் பழகிய பாடமுறையையும் மொழிபெயர்ப்பிற் பழகிய நுணுக்கத்தையும் அவர் தொழிலாக மாற்றினார்.

மூன்றாம் வழியைக் காட்டியவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். கற்றவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வேற்றூர்களுக்குப் போய்விட்டார்கள். ஊர் மக்களுக்கு வைத்தியர் வேண்டும் என்று விரும்பிய கிறீன், 1864 முதல் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அதற்காக உடற்கூற்று நூலும் இரண வைத்திய நூலும் 'கெமிஸ்தம்' என்ற இரசாயன நூலும் தமிழில் வந்தன. ஊரில் நின்று உழைக்கக்கூடிய வைத்தியர்கள் உருவானார்கள். கல்வி எந்த மொழியில், எந்தத் தேவைக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அதற்கேற்பவே மாணவனின் கால்கள் திரும்பும் என்பதை ஓர் அமெரிக்க வைத்தியர் நமக்குச் செய்து காட்டினார்.

யாழ்ப்பாணச் சமுதாயம் இம்மூன்றில் எதனைப் பின்பற்றியது? தாமோதரம்பிள்ளையின் வழியில் ஒரு பாதியை மட்டும். உத்தியோகத்தை எடுத்துக்கொண்டது, இடைவிடாத உழைப்பையும் அறிவுத் தாகத்தையும் பெரும்பாலும் விட்டுவிட்டது.

கிராணிமார் காலம்

மலாயா நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டது. இலங்கைப் பொதுவேலைப் பகுதியில் இருந்த ஸ்பூனர் என்ற பொறியியலாளர் 1890களில் சிலாங்கூருக்கு மாறிச் சென்றார். 1901இல் மலாய் இரயில்வேயின் தலைவரானார். இலங்கையில் தாம் அறிந்திருந்த யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பாளிகளை அவர் அழைத்துக்கொண்டார். அங்கே எழுதுவினைஞனுக்குப் பெயர் கிராணி. நிலைய அதிபர், கிராணி, அளவையாளர் என்று யாழ்ப்பாணத்தவர் இரயில் பாதை நெடுகப் பரவினார்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ஒரு சிறு யாழ்ப்பாணமாயிற்று.

அந்தக் காலத்து இளைஞன் மலாயாவுக்கு எவ்வாறு போனான்? பாடசாலை அதிபரிடம் நற்சான்றுப் பத்திரம் ஒன்று, பாதிரியாரிடம் இன்னொன்று, அங்கே வேலையில் இருக்கும் உறவினரின் கடிதம் ஒன்று. இம்மூன்றிலும் மூன்றாவதே வலிமை வாய்ந்தது. கப்பலிலிருந்து இறங்கியவன் உறவினன் வீட்டிற் படுத்தான், தட்டெழுத்துப் பழகினான், எந்தக் கந்தோரில் இடம் காலியாகிறது என்று அறிந்தான். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆற்றுப்படை அங்கே வேட்டியின்மேற் கோட்டு அணிந்து மீண்டும் நின்றது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. பழைய பாணன் எதிரே வந்த எவனுக்கும் வழி சொன்னான். மலாயா மாமன் தன் மருமகனுக்கும் தன் சாதிக்காரனுக்கும் மட்டுமே சொன்னான்.

அங்கிருந்து வந்த மணியோடரில் கல்வீடுகள் எழுந்தன, சீதனம் உயர்ந்தது, கோயில்கள் புதுக்கோலம் பூண்டன. பள்ளிக்கூடங்களும் பாலங்களும் அந்த உழைப்பிற் பங்கு பெற்றன என்பதை மறுப்பது நன்றியன்று. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் வாணர் தாம்போதியின் பெயரிலேயே அதற்காக உழைத்தவர்களின் நினைவு நிலைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் எழுந்த ஆலை எது? பட்டறை எது? தேடித்தான் பார்க்கவேண்டும்.

கடையிற் கற்றவர்கள்

இதே புங்குடுதீவிலிருந்து இன்னொரு கூட்டமும் புறப்பட்டது. உத்தியோகப் படிப்பு வாய்க்காத அந்தச் சிறுவர்கள் கொழும்புக்கும் தென்னிலங்கை நகரங்களுக்கும் கடைவேலைக்குப் போனார்கள். அவர்கள் விண்ணப்பம் எழுதவில்லை. மூட்டை தூக்கினார்கள்; சரை சுற்றினார்கள்; சிங்களம் பழகினார்கள்; கணக்கு எழுதக் கற்றார்கள். எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடும் என்பதை அறிந்தார்கள். சில ஆண்டுகளிற் பங்காளியாகி, பின்னர் தனிக்கடை வைத்தவர்கள் பலர். புங்குடுதீவு வணிகர் என்ற பெயர் இலங்கை எங்கும் நிலைத்தது.

ஊர் இவர்களின் பணத்தை மதித்தது. இவர்களின் அறிவை அறிவென்று மதிக்கவில்லை. கிராணியின் காற்சட்டைக்குக் கிடைத்த மரியாதை முதலாளியின் சாரத்துக்குக் கிடைக்கவில்லை. ஏட்டுக்கல்வி ஒருபுறம், தொழிற்கல்வி மறுபுறம் என்று ஒரே தீவிற்குள் இரண்டு உலகங்கள். இரண்டும் ஒரு திண்ணையில் அமர்ந்து பேசியிருந்தால் யாழ்ப்பாணத்தின் கதை வேறாக இருந்திருக்கும்.

இந்த இரண்டு உலகங்களுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வாங்கிற் சமமாக உட்காரும் உரிமையே 1930ஐ ஒட்டிய ஆண்டுகளிற் போராட்டப் பொருளாக இருந்தது. வாங்கு இல்லாதவனுக்குச் சான்றிதழ் எங்கே? சான்றிதழ் இல்லாதவனுக்கு விண்ணப்பம் எங்கே? புங்குடுதீவின் எழுத்தாளரும் ஆசிரியருமான மு. தளையசிங்கம், 1971இல் அந்த ஊர்க் கண்ணகி அம்மன் கோயில் நன்னீர்க் கிணற்றில் எல்லோரும் நீர் அள்ளும் உரிமைக்காகப் போராடித் தாக்குண்டார். 1973இல் இளவயதில் மறைந்தார். தகுதிக்கே வேலை என்று பேசுகிறவர்கள், தகுதி பெறும் கிணற்றில் யார் யார் நீர் அள்ள முடிந்தது என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

வாசல்கள் அடைபட்டபோது

சுதந்திரத்துக்குப் பிறகு வடக்கிலும் கிழக்கிலும் ஆலைகள் சில எழுந்தன. காங்கேசன்துறையிற் சீமெந்து, பரந்தனில் இரசாயனம், வாழைச்சேனையிற் காகிதம். விஞ்ஞானம் கற்றவன் கந்தோருக்குப் போகாமல் ஆலைக்குப் போகும் வழி அப்போதுதான் திறந்தது. அதே காலத்தில் 1956இன் தனிச் சிங்களச் சட்டம் அரசாங்கக் கந்தோரின் வாசலைத் தமிழருக்குக் குறுக்கியது. 1970களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தல் பல்கலைக்கழக வாசலையும் குறுக்கியது.

வேலையின்மை தமிழருக்கு மட்டும் உரிய துயரன்று. 1971 ஏப்ரலில் தென்னிலங்கையின் படித்த கிராமத்து இளைஞர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். அதே ஆண்டில் டட்லி சீயர்ஸ் தலைமையில் வந்த சர்வதேசத் தொழில் தாபனக் குழு, படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைகளுக்கும் இடையே இருந்த பெரும் பிளவையே தன் ஆய்வின் நடுப்பொருளாக வைத்தது. சிங்கள இளைஞனும் தமிழ் இளைஞனும் ஒரே மேசை நாற்காலிக்காக மோதவிடப்பட்டார்கள். நாற்காலிகளின் தொகையை ஏன் இவ்வளவு குறைவாக வைத்தீர்கள் என்று இருவரும் சேர்ந்து கேட்கவில்லை.

பின்னர் வந்தது போர். 1983 ஜூலையில் தமிழரின் கடைகள் எரிந்தன. கடையிற் கற்றவர்களின் உலகமும் அவற்றோடு எரிந்தது. காங்கேசன்துறை ஆலை 1990இல் நின்றது. தீவக மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பட்டம் பெற்றவர்கள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் சமையலறைகளில் பாத்திரம் கழுவினார்கள். பட்டம் பெட்டிக்குள் இருந்தது. போர் முடிந்து எட்டு ஆண்டுகள் சென்றபின், 2017இல், யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன்னே வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் அமர்ந்து போராடினார்கள். அதே கச்சேரி, அதே வாசல். பழமொழி மட்டும் பசியோடு இருந்தது.

இன்றைய விண்ணப்பம்

இந்தச் சரித்திரத்திலிருந்து இன்றைய பட்டதாரி எதனை எடுத்துக்கொள்வது? ஓர் உதாரணம் சொல்லிப் பார்ப்போம். தீவகக் கிணறுகளின் உவர்ப்பை அளந்து ஆய்வேடு எழுதிய ஒருத்தி, குடிநீர் சுத்திகரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கிறாள் என்று கொள்வோம். அவளுடைய முதற் கடிதம் எப்படி இருக்கும்? ஆய்வேட்டின் நீண்ட தலைப்பு, மேற்பார்வையாளரின் பட்டங்கள், கருத்தரங்குகளின் பெயர்கள், ஈற்றில் 'தயைகூர்ந்து' என்ற சொல். இது பழைய சீட்டுக்கவியின் பேரப்பிள்ளை. தான் யார் என்பதை மட்டுமே அது சொல்லுகிறது.

நிறுவனம் அறிய விரும்புவது வேறு. எங்கள் தண்ணீர் கெட்டால் இவளால் கண்டுபிடிக்க முடியுமா? ஆகவே இரண்டாவது கடிதத்தை இப்படி எழுதவேண்டும்: இத்தனை கிணறுகளில் இத்தனை மாதம் மாதிரி எடுத்தேன், கருவி பிழை காட்டியபோது இவ்வாறு கண்டு திருத்தினேன், குறைந்த செலவில் இந்தச் சோதனைகளைச் செய்யத் தெரியும், இளைய மாணவர்களுக்கு அதைக் கற்பித்திருக்கிறேன், அறிக்கையை உரிய நாளிற் கொடுத்தேன். ஒரே உழைப்புத்தான். முதலாவது கடிதம் பல்கலைக்கழகத்தை நோக்கி நிற்கிறது. இரண்டாவது ஆலையை நோக்கித் திரும்பி நிற்கிறது. வரலாறு கற்றவனுக்கும் இது பொருந்தும். ஆயிரம் பக்க ஆவணத்தை வாசித்து, முரண்பாடுகளைப் பிரித்து, ஐந்து பக்கத்தில் உண்மையைச் சொல்லத் தெரிந்தவன் எந்தத் தொழிலுக்கும் வேண்டியவன். அதை அவன் தன் வாயாற் சொல்லவேண்டும்.

இன்னும் சில சொல்ல உண்டு. ஒரே கடிதத்தை நூறு இடங்களுக்கு அனுப்புவதிலும், பத்து இடங்களை ஆராய்ந்து பத்துக் கடிதங்கள் எழுதுவது மேல். எழுதுமுன் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரிடம் பேசவேண்டும். வேலை கேட்பதற்காக அன்று, வேலையின் இயல்பைக் கேட்பதற்காக. ஆற்றுப்படை சொன்னது அதுவே. பல்கலைக்கழகத்தை ஏன் விடுகிறீர் என்று நேர்முகத்திற் கேட்பார்கள். தோற்றதனால் என்ற எண்ணம் மனத்தில் இருந்தால் அது முகத்தில் தெரியும். அறிவைப் பயனாக்க வருகிறேன் என்று தலைநிமிர்ந்து சொல்லலாம்; தாமோதரம்பிள்ளையின் சந்ததிக்கு அதில் வெட்கம் இல்லை. முதற் படி தன் பட்டத்துக்குத் தாழ்ந்ததாகத் தோன்றினாலும், அங்கே கற்க ஏதேனும் உண்டா என்று பார்க்கவேண்டும். கடைச் சிறுவர்கள் அப்படித்தான் முதலாளிகளானார்கள். கற்பதற்கு ஒன்றும் இல்லாமல் உழைப்பை மட்டும் உறிஞ்சும் இடமானால், அது படியன்று, பள்ளம். அதையும் அறிந்திருக்கவேண்டும்.

ஆயினும் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பம் வரிசையில் ஒருவனை முன்னே நிறுத்தும். வரிசையின் நீளத்தை அது குறைக்காது. பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் நிற்கும்போது, உன் கடிதம் சரியில்லை என்று எஞ்சிய 990 பேரிடமும் சொல்வது அநீதி. வேலையில்லாத பட்டதாரியின் துயரத்தை அவனுடைய திறமைக்குறை என்று காட்டிவிட்டால் ஆள்பவர்களுக்கு வசதி. கிணற்றில் நீர் இல்லாதபோது வாளியைக் குறை சொல்லுவது போன்றது அது.

ஆகவே வேலை இரண்டு. ஒன்று, வாசலைத் தட்டக் கற்பது; மற்றது, வாசல்களைக் கட்டுவது. பல்கலைக்கழகம் மாணவனைத் தொழிற்களத்துக்கு முன்கூட்டியே அனுப்பவேண்டும். கடல் கடந்து வாழ்கிற பிள்ளைகள் அனுப்பும் பணத்தில் கோபுரம் உயர்வதோடு ஒரு மீன் பதனிடும் நிலையமும், ஒரு பனம்பொருள் ஆலையும், ஒரு மென்பொருட் கூடமும் உயரவேண்டும். முன்னே போனவன் பின்னே வருபவனுக்கு, சாதியும் ஊரும் கேளாமல், வழி சொல்லவேண்டும்.

கோழி மேய்ப்பது இழிந்த தொழிலன்று. கோழி வளர்ப்பை அறிவோடு செய்யும் பண்ணை ஒன்று மடத்துவெளியில் எழுமானால், அங்கே கால்நடை விஞ்ஞானம் கற்றவனுக்கும் கணக்குக் கற்றவளுக்கும் வேலை உண்டு. அன்றைக்கு அந்தப் பழமொழியின் பிற்பாதி தானாக உதிர்ந்துவிடும். பூட்டிய வீடுகளில் ஒன்றிரண்டாவது திறக்கும்.